பட்டியலில் இல்லாத மணி

எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். என் தம்பிக்கு என்னைவிட நீளம். மலைமேல் ஊருக்குக் கம்பிவடத்தில் தொங்குகிற தொட்டிகளில் சரக்கு ஏற்றுகிற வண்டியில் நான் மேல் நிலையம், அவன் கீழ் நிலையம். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு டெலிபோன் கம்பி. கைபேசிக்கு இங்கே சிக்னல் கிடையாது என்பதால் எல்லாப் பேச்சும் அந்தக் கம்பியில்தான். கீழே மழையா வெயிலா, யார் வீட்டுக்குப் புதுக் கட்டில் வருகிறது, யார் யாரோடு முறைத்துக்கொண்டு திரிகிறார்கள், எல்லாம் அவன் சொல்லித்தான் மேல் ஊருக்குத் தெரியும். அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்தவர்கள் சுமை தூக்குகிறவர்கள். அவனும் அதைப் பட்டம் வாங்கினவன் மாதிரி ஏற்றுக்கொண்டான்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டே நின்றவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பியது. நாளைக்கு.

பசிக்குதாடா என்று கேட்டால் நாளைக்கு. கால் வலிக்குதா என்றால் நாளைக்கு. மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். ஏன் அந்தச் சொல் என்று கேட்டேன். அது தெரியாதும்மா என்றார். கொடுமை என்னவென்றால், தான் சொல்ல வந்தது அது இல்லை என்று அவனுக்கே தெரியும். சொன்ன அடுத்த நிமிஷம் முகம் சுருங்கும், உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவன் கையைப் பிடித்து இறக்கிவிடுவேன்.

ரேடியோவில் பேட்டரி தீர்ந்துபோச்சு என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை. பாவம், புத்தி போயிடுச்சு என்று அவன் எதிரிலேயே உச்சுக்கொட்டினார்கள், ஏதோ அவனுக்குக் காதும் போய்விட்டது போல. அப்படிச் சொன்ன ஒருத்தியை நான் கடைவாசலில் வைத்துக் கேட்ட கேள்வியில் அவள் இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. கேட்டேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல் இருந்தது. பேச்சு இல்லாத இடத்தில் புத்தி மட்டும் எங்கே உட்கார்ந்திருக்கும்?

வெயில் காலம் தொடங்கியதும் சூப்பர்வைசர் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. விதிமுறை என்று எழுதி ஒரு கல்லைக் கொடுத்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிற ரகம்.

"போனை எடுத்தா பதில் சொல்லத் தெரியணும்மா. கீழ் நிலையத்துல அதுதான் வேலையே. அந்த வேலைக்குத்தான் கீழ இருக்கிற அந்த வீடும். தற்காலிக ஆளை வச்சு ஓட்டிக்கிட்டு எத்தனை நாள் அதைக் காலியா வைக்கிறது? நீங்க மோட்டார்ல நிக்கும்போது இவனை யார் பார்த்துக்கிறது? அடிவாரத்துல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. நல்லா பார்த்துக்குவாங்க."

விழுந்ததிலிருந்து மேலே என் வீட்டில் இருந்த தம்பி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். பராமரிப்பு இல்லம் என்றதும் என் புடவை நுனியைப் பிடித்தான். நாற்பது தாண்டிய ஆள், கல்யாணமே வேண்டாம் என்று என்னோடு சண்டை போட்டவன், குழந்தை மாதிரிப் பிடித்தான்.

"போன் வர்றதுக்கு முன்னால இந்த வண்டி ஓடலையா சார்? மணி எதுக்கு இருக்கு?"

மணி விஷயம் இதுதான். கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் மேலே மணி அடிக்கும், மேலே அழுத்தினால் கீழே. இரண்டு நிலையத்துச் சுவரிலும் ஒரே பட்டியல் பெயின்டில் எழுதியிருக்கிறது. ஒன்று, நில். இரண்டு, ஓட்டு. மூன்று, தொட்டியில் ஆள் இருக்கிறார். நான்கு, திருப்பு. ஐந்து, பலகை, குழாய் மாதிரி நீளச் சரக்கு. மூன்றும் ஐந்தும் வண்டி கிளம்பும் முன்னால் அடிக்கிற மணி, அதுவும் யார் பக்கத்தில் ஏற்றுகிறார்களோ அவர்கள் மட்டும்தான் அடிப்பார்கள். ஓடுகிற வழியில் யாரும் அவற்றைத் தொட்டதில்லை. பேச்செல்லாம் போனில் போய்விட்டதால் மணி ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

சூப்பர்வைசர் தாடையைச் சொறிந்தார். கடைசியில், "சரி, ஒரு நாள் பார்ப்போம்" என்றார். "நானே கீழிருந்து தொட்டியில ஏறி வர்றேன். பட்டியல்ல இருக்கிற மணியை ஒழுங்கா அடிச்சான்னா வேலை அவனுக்கு. பட்டியல்ல இல்லாத ஒண்ணை அடிச்சான்னா புத்தி தெளியலைன்னு அர்த்தம். நீங்க அதைக் கண்டுக்காதீங்க, வண்டியை ஓட்டுங்க. மிச்சத்தை மேல வந்து பேசிக்கிறேன்."

அந்தச் சமயம் என் மாடி அறையில் ஒருவர் குடியிருந்தார். இங்கிருந்து ஒரு மணி நேரம் ஏறினால் குகைகள் இருக்கின்றன. ஆதிகாலத்து மனுஷர்கள் செதுக்கிப் போட்ட கல் ஆயுதங்கள் அங்கே கிடைக்கின்றன. மனுஷனுக்குப் பேச்சு எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் வந்திருப்பதாகச் சொன்னார். பேச்சைக் கண்டுபிடிக்க என் வாயைப் பார்த்தால் போதாதா, குகைக்கு எதுக்கு என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து அவருக்கு ஆராய்ச்சி என்று பேர்.

ஆராய்ச்சிக்கு ஒரு வழக்கம். தினமும் சாயங்காலம் என் கொல்லையில் குந்தி உட்கார்ந்து கல்லோடு கல்லை மோதி ஆதிமனுஷன் செய்த கோடாலியைத் தானும் செய்து பார்ப்பார். தன் விரலைத்தான் அதிகம் செதுக்கினார்.

"என்ன ஆராய்ச்சி, இன்னிக்கு எத்தனை விரல் பாக்கி?"

"சிரிங்கக்கா. இது சும்மா உடைக்கிறது இல்ல. இப்ப இங்க அடிச்சா அடுத்த அடிக்கு இடம் கிடைக்கும், அதை அடிச்சாதான் அதுக்கடுத்தது. முழு வரிசையும் முன்கூட்டியே மண்டையில ஓடணும். வாக்கியமும் அப்படித்தானே? கல்லைச் செதுக்கின கைதான் நாக்குக்கு வழி காட்டிச்சோன்னு எங்க ஆளுங்கள்ல சிலர் சந்தேகப்படுறாங்க."

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். சில நாளில் அவனும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொதப்பினார்கள், ஒரே மாதிரி விரலை வாயில் வைத்தார்கள். ஒரு நாள் ஆராய்ச்சி கல்லை ஓங்கும்போது தம்பி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டான். கல்லைத் திருப்பி, வேறு ஓரத்தைக் காட்டினான். ஆராய்ச்சி அங்கே அடித்தார். சில்லு அழகாகப் பெயர்ந்தது. இரண்டு பேரும் பரீட்சையில் தேறின பையன்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அடுப்பில் இருந்ததைக் கிளறுவது போலத் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவனுக்குக் காட்ட மனசில்லை.

சோதனைக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டில் நான் ஆராய்ச்சியின் வாயைக் கிளறினேன்.

"முதல் முதல்ல பேசினவன் என்னதான் பேசியிருப்பான்?"

"தெரியாதுக்கா. எலும்பும் கல்லும் கிடைக்குது, பேச்சு கிடைக்கலையே." தட்டின் ஓரத்தில் ஒரு விரலால் தட்டினார். "குரங்குகள்ல ஒரு வகை இருக்கு. கழுகு வந்தா ஒரு கத்தல், பாம்பு வந்தா வேற கத்தல். கேட்டதும் மத்தது ஓடி ஒளியும். உங்க மணிப் பட்டியல் மாதிரிதான், ஒரு சத்தத்துக்கு ஒரு சேதி. ரெண்டு கத்தலைச் சேர்க்கிற குரங்கும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுவரைக்கும் யாருமே சொல்லாத ஒண்ணை, இருக்கிற சத்தங்களைச் சேர்த்து அந்த நிமிஷத்துல உண்டாக்குறது இருக்கே, அதுல நம்மளை அடிச்சுக்க ஆள் இல்ல."

"அப்ப அதைச் செஞ்சவன்தான் முதல் ஆள்."

"அவனை மட்டும் சொல்றோம். கேட்டவன் யாரு? அவனும் முதல் தடவையாத்தானே கேட்கிறான்? இவன் என்னமோ உளர்றான்னு போயிருந்தா அது வெறும் சத்தம். எத்தனை பேர் அப்படிச் சொல்லிப் பார்த்து, கேட்க ஆள் இல்லாம செத்தாங்களோ."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நாளைக்கு" என்றான். ஆமாடா, நாளைக்குத்தான் சோதனை என்று நான் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

விடிந்ததும் அவன் கீழே இறங்கினான். சூப்பர்வைசர் வந்து நிற்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று நான் இருட்டு விலகும் முன்னாலேயே மேல் தொட்டியில் பலகை ஏற்றிவிட்டேன். கீழே ஒரு வீட்டுக்குப் போகிற மரப்பலகைகள், தொட்டியைவிட நீளம். பனியில் நனைந்து விறைத்திருந்த கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கயிறு என்றால் என்ன என்று தெரிந்தவள்தான் நான். நனைந்த கயிறு காய்ந்தால் தளரும், கிளம்பும் முன்னால் மறுபடி கட்ட வேண்டும். சூப்பர்வைசர் கீழ் நிலையத்துக்கு வந்துசேரும்போது வெயில் ஏறிவிட்டது. அவர் வந்துவிட்டதாகப் போனில் கூப்பிட்ட பதற்றத்தில் நான் கயிற்றை மறந்தேன்.

எங்கள் வண்டியில் இரண்டு தொட்டிகள். என் தொட்டி இறங்கும்போது அவன் தொட்டி ஏறும். நடுவழியில் ஒன்றை ஒன்று தாண்டும்போது இடையில் கை நீட்டுகிற தூரம்தான் இருக்கும். நான் ஐந்து அடித்தேன், நீளச் சரக்கு. அவன் மூன்று அடித்தான், ஆள் ஏறியாச்சு. பிறகு இரண்டு. பிசகே இல்லை. நானும் இரண்டு அடித்து மோட்டாரை விட்டேன். பக்கத்தில் ஆராய்ச்சி நின்று, தனக்கே பரீட்சை மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பலகைத் தொட்டி முதல் தூணைத் தாண்டிப் பாறை மறைவுக்குள் போனது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது. அந்த இடத்தில் கீழே இருக்கிறவன் கண்தான் எனக்கும் கண்.

மணி ஒன்று அடித்தது.

பிரேக்கை இழுத்தேன். வடம் முனகி நின்றது. போன் அலறியது.

"என்னடா? என்ன ஆச்சு?"

"நாளைக்கு" என்றான். மூச்சு வாங்கியது. "நாளைக்கு! நாளைக்கு!" ரிசீவர் எங்கேயோ மோதுகிற சத்தம் கேட்டது.

உடனே மணி. ஐந்து. ஒரு இடைவெளி விட்டு, மூன்று.

ஐந்து நான் அடிக்க வேண்டிய மணி. பலகை என் தொட்டியில், அவன் பக்கம் பலகையே இல்லை. மூன்றை அவன் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. வண்டி வழியில் நிற்கும்போது இந்த இரண்டுக்கும் வேலையே கிடையாது. பட்டியலில் இல்லை. குழம்பிட்டான், போச்சு என்று நினைத்தேன். பராமரிப்பு இல்லத்தின் வாசலில் அவன் என் புடவையைப் பிடித்து நிற்கிற மாதிரி கண்முன் ஓடியது.

மறுபடி ஐந்து. மூன்று. அப்புறம் ஒன்று.

கண்டுக்காதீங்க, ஓட்டுங்க என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். என் கை பிரேக்கின் மேல் இருந்தது. ஓட்டிவிட்டால் சோதனை அதோடு முடியும், மேலே வந்ததும் கெஞ்சிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

"அக்கா, உளர்றவன் ஒரே உளறலை மறுபடி அதே வரிசையில உளற மாட்டான்" என்றார் ஆராய்ச்சி.

மூன்றாவது தடவையும் அடித்தது. ஐந்து. மூன்று. ஒன்று.

வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்தவள் நான். அன்றைக்கு வாயை மூடிக் கேட்டேன். ஐந்து என்றால் பலகை. மூன்று என்றால் ஆள். பலகை. ஆள். நில். பலகை... ஆள் மேல்...

கயிறு.

"பலகை சரிஞ்சிருச்சு" என்றேன். "கயிறு காஞ்சு தளர்ந்து பலகை குறுக்கே சரிஞ்சிருக்கு. தாண்டும்போது அவரை அடிச்சுத் தள்ளிடும்னு சொல்றான்."

பேச்சாக எழுதினால் இத்தனை சொல் ஆகிறது. அவன் அதைச் சுவரில் இருந்த இரண்டு எண்ணை ஒட்டிச் சொல்லிவிட்டான். வெறும் நான்கு அடித்துத் திருப்பச் சொல்லியிருந்தால் நான் வழக்கமான வேகத்தில் திருப்பியிருப்பேன், சரிந்த பலகை தூணில் போய் மோதியிருக்கும். தொட்டி ஆடின ஆட்டத்தில் இரண்டு தொட்டியும் பள்ளத்தைப் பார்த்திருக்கும். என்ன கோளாறு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், அது அவனுக்குத் தெரிந்திருந்தது. புத்தி போயிடுச்சாம். சொன்னவர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து அந்த மணியைக் கேட்கவைக்க வேண்டும் போல் இருந்தது.

எனக்குப் புரிந்தது என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? அதற்கும் பட்டியலில் மணி இல்லை. அவன் அடித்ததையே திருப்பி அடித்தேன். ஐந்து, மூன்று, ஒன்று. பின்னால் நான்கு. பலகை, ஆள், நிறுத்திட்டேன், திருப்புறேன்.

கீழேயிருந்து இரண்டு வந்தது. ஓட்டு. அந்த இரண்டு மணியிலும் அவன் சிரித்தது எனக்குக் கேட்டது. மணியில் சிரிப்பு எப்படிக் கேட்கும் என்று கேட்காதீர்கள், கேட்டது.

பாறையை ஒட்டித் தூணுக்குக் கீழே ரிப்பேர் மேடை ஒன்று இருக்கிறது. அதுவரை தொட்டியைக் கொண்டுவந்தால் கொக்கி போட்டுப் பலகையை நேராக்கலாம். ஆராய்ச்சி கொக்கியையும் புதுக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பாதையில் ஓடினார். நான் பிரேக்கில் உடம்பைச் சாய்த்து வடத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோர்ப்பது மாதிரிதான். ஆனால் கண் கீழே இருந்தது. ஐந்து இரண்டு என்று அடித்தான், பலகையை இன்னும் கொண்டுவா என்று அர்த்தம். கொண்டுவந்தேன். ஐந்து ஒன்று, பலகையை நிறுத்து. நிறுத்தினேன். கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது போல. நான்கை அடித்தான், அதையும் முழு மூச்சில் இல்லை, மெதுவாக, இழுத்து இழுத்து. மெதுவாகத் திருப்பு என்கிறான். அதையும் அந்த இடத்திலேயே உண்டாக்கினான், நானும் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டேன்.

எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலோ இதே மலையில், இதே மாதிரி ஒரு பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேர் நின்றிருக்கலாம். கையில் கல் கோடாலி, தொண்டையில் நாலைந்து சத்தம். ஒருத்தன் இரண்டைச் சேர்த்திருப்பான், ஒருத்தி நின்று கேட்டிருப்பாள். ஒருத்தி என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன், ஆராய்ச்சி வேண்டுமானால் ஆட்சேபிக்கட்டும். அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது.

மேடையிலிருந்து ஆராய்ச்சியின் கூவல் கேட்டது. "கட்டியாச்சுக்கா!" அவர் கூவுவதற்குள் கீழேயிருந்து மணி வந்துவிட்டது. ஐந்து, இரண்டு. இடைவெளி. மூன்று, இரண்டு. பலகையும் போகலாம், ஆளும் போகலாம்.

மோட்டாரை விட்டேன்.

சூப்பர்வைசர் வந்து இறங்கும்போது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தார். தொட்டியில் ஏறினால் பள்ளத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக்க மூடிக்கொள்வது அவர் வழக்கம். ஆராய்ச்சி கூவின கூவலில் திறந்திருக்கிறார். பலகைத் தொட்டி அவரைத் தாண்டிப் போகையில் பழைய கயிறு அறுந்த வால் மாதிரி தொங்குவதையும், பலகை முனை தன் தோளுக்கு நேராக நகர்வதையும் பார்த்திருக்கிறார். ஆராய்ச்சியும் மூச்சிரைக்க ஏறி வந்து சேர்ந்தார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"கயிறு என் தப்பு சார். கண்டுபிடிச்சுச் சொன்னது அவன்."

"எப்படிச் சொன்னான்? அவனுக்குத்தான் பேச்சு..."

"பட்டியல்ல இல்லாத மணி அடிச்சான் சார். ஒண்ணு இல்ல, எட்டுப் பத்து அடிச்சான். நீங்க சொன்ன மாதிரி கண்டுக்காம ஓட்டியிருந்தா இப்ப என்கிட்ட கேட்க நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த பட்டியலை முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி மேலிருந்து கீழாகப் படித்தார். ஐந்தும் மூன்றும் என்று நான் விளக்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அவரே விரலை ஐந்தில் வைத்தார், அப்புறம் மூன்றில். உதடு அசைந்தது. பலகை, ஆள். அவர் முகத்தில் அது தெளிந்ததைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. இப்போது நாங்கள் நான்கு பேர்.

"போனைப் போடுங்கம்மா" என்றார்.

சுழற்றிக் கொடுத்தேன். கீழே எடுத்தான். ரிசீவரிலிருந்து அவன் மூச்சு எனக்கே கேட்டது. சூப்பர்வைசர் ரிசீவரை வாயருகே கொண்டுபோனார்.

"ரேடியோ, நான்தான். மேல வந்துட்டேன். முழுசா வந்துட்டேன்." சுவர்ப் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தார். "வேலையில எப்ப வந்து சேர்ற?"

அவன் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான் சார், அதை வைத்து முடிவு பண்ணாதீங்க என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நாலு மாசமாக அவனுக்குப் பதில் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

அவசரப்படாமல், கடையில் பொருளைப் புரட்டிப் பார்த்து எடுக்கிறவன் மாதிரி அவன் யோசித்தான்.

"நாளைக்கு" என்றான்.

நெற்றியில் அடித்துக்கொள்கிற சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. மணிதான் அடித்தது, இரண்டு தடவை.